ஐஸில் வைத்த ஃபஸ் பெட்டி

எழுபதுகளில் ராயபுரத்தில் எலெக்ட்ரிக் கிடார் வாசித்த எங்களுக்கெல்லாம் ஒரே ஏக்கம்தான், ஃபஸ் பெட்டி. காலால் மிதித்தால் போதும், கிடாரின் குரல் கரகரவென்று தடித்து உறுமும். கப்பலில் வேலை செய்த என் அண்ணன் எனக்கு ஒன்று வாங்கி வந்தார், சட்டைகளுக்கு நடுவே பொதிந்து, பச்சைக் குழந்தையைப் போல.

வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த என் தோஸ்து அதைத் திறந்து பார்த்தான். உள்ளூர்ச் சாமான்களை வைத்துத் தகர சோப்பு டப்பாவில் தானும் ஒன்று செய்தான். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தேன். ஃபாரின் பெட்டி காலையில் தேன். கிடாரில் சத்தத்தைக் குறைத்தால் அதுவும் அடங்கிப் பேசும். வெயில் ஏறினால் தொண்டை கட்டிக்கொள்ளும். டப்பாவுக்கு அடக்கமே தெரியாது, ஆனால் கத்திரி வெயிலிலும் குரல் மாறாது. உள்ளுக்குள் எனக்கு டப்பாதான் பிடித்தது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று வாயை மூடிக்கொண்டேன்.

மீன் விற்கும் எங்கள் தெருவில் எது வாடினாலும் வைத்தியம் ஒன்றுதான், ஐஸ். மேடை ஏறும் முன் ஃபாரின் பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மீன் கூடையில் உப்புத் தூவிய ஐஸுக்குள் புதைப்பேன். நன்றாகவே வேலை செய்தது. அக்கா கல்யாணத்துக்கு முந்தின வாரம் பையில் கிழிசல் இருந்ததைக் கவனிக்கவில்லை. உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது.

தோஸ்து திறந்து பார்த்து, "பூட்ச்சு மாமு" என்றான்.

கல்யாணத்துக்கு அண்ணன் வருகிறார், தான் வாங்கி வந்த பெட்டியைக் கேட்க. அந்தக் கல்யாணத்தைத்தான் தோஸ்தும் நம்பியிருந்தான். நாலு பேண்டுக்காரர்கள் வருவார்கள், டப்பாவின் சத்தத்தைக் கேட்டுத் தங்களுக்கும் செய்து தரச் சொல்வார்கள், ஓனரிடம் திட்டு வாங்காமல் தனியாகக் கடை போடலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், டப்பாவின் உள்ளே இருப்பதை எடுத்து ஃபாரின் கூட்டுக்குள் வைத்துத் தரச் சொன்னேன்.

டப்பாவைக் கையில் எடுத்தான். "சர்தான், உன் அண்ணன் எனுக்கும் அண்ணன்தான்" என்று சால்டரிங் கம்பியைச் சூடு பண்ணினான்.

கல்யாணத்தில் அந்தப் பெட்டி கத்திய கத்தலில் பந்தலே திரும்பிப் பார்த்தது. அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்துக்கினியா? ஃபாரின்னா ஃபாரின்தான்!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேறு பேண்டில் கிடார் வாசிப்பவர் ஒருவர் என் தோஸ்துவிடம் வந்தார். "நீகூட டப்பால ஒண்ணு செஞ்சிகீறியாமே? இத்த மாதிரி கத்துமா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து, சுருதி சேர்ந்தே இருந்த கம்பியை மறுபடி முறுக்கினேன்.

"இத்தோட அது எங்கணா நிக்கும்? சும்மா வெளாட்டுக்கு செஞ்சது" என்றான்.

அண்ணன் அவன் தோளில் கை போட்டு, "கவலப்படாத நைனா, அடுத்த தபா உனுக்கும் ஒண்ணு வாங்கியாறேன்" என்றார். நல்ல மனசு அவருக்கு. அவன் சிரித்துத் தலையாட்டினான்.

சாயங்காலம் முழுக்க என் காலடியில் கத்தியது அவன் செய்ததுதான். அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவன் அதன்பிறகு பெட்டியே செய்யவில்லை.