பாபுவின் கிடங்குச் சுவர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வரலாற்றில் எம்.ஏ.; கல்வெட்டில் இல்லாத எதையும் நம்பமாட்டேன் என்று கல்லூரி மேடையிலேயே பேசியவள். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்ன டிராவல்ஸில் வேலை, வெளிநாட்டுக்காரர்களுக்கு மயிலாப்பூரைச் சுற்றிக்காட்ட வேண்டும். நான் ஒரு கைடு, கோடம்பாக்கத்து பாபு இன்னொரு கைடு. சீசன் முடிந்ததும் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த வேலைக்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தேன். பழைய துறைமுகம், போர்ச்சுகீசியர், கடலோரம் இருந்த கோயில் என்று நான் படித்துப் படித்துச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். பாபு வாயைத் திறந்தால் புளுகு, ஆனால் கூட்டம் அவன் பின்னால்தான் ஓடும். எனக்கு வயிறு எரியும்.

அவன் புளுகிலேயே பெரிய புளுகு, சாந்தோம் கடற்கரையில் இருந்த ஒரு சுவர். ஏதோ ஷூட்டிங்குக்குப் போட்ட செட், வெறும் பிளைவுட்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும். படம் பாதியில் நின்றதால் பிரிக்காமல் விட்டிருந்தார்கள். அதைப் பழைய துறைமுகத்துக் கிடங்கு என்பான். தட்டினால் அந்தக் காலத்து வியாபாரி உள்ளேயிருந்து பதிலுக்குத் தட்டுவான் என்பான். பின்னால் அவன் சேக்காளி ஒருத்தன் ஒளிந்திருந்து தட்டுவான், அவ்வளவுதான் சங்கதி.

ஒருநாள் பிற்பகல் பெரிய பிரெஞ்சுக் கூட்டம் வந்ததால் எங்கள் இருவரையும் சேர்த்து அனுப்பினார்கள். அன்றைக்கென்று சேக்காளி வரவில்லை. விடுவேனா? கூட்டத்தில் பாதியைச் சுவருக்குப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு முன்பக்கம் வந்தேன். பின்னால் மணலும் காயப்போட்ட வலையும் தவிர ஒன்றுமில்லை.

"என்ன பாபு, உன் வியாபாரி இன்னிக்கு லீவா?"

"இன்னா மேடம், பொழப்புல கை வெக்கிறியே" என்று பல்லைக் கடித்தான்.

ஓங்கித் தட்டினேன். பிளைவுட் சத்தம், அதற்கப்புறம் ஒன்றுமில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் திரும்பினால், முன்னால் இருந்த கூட்டம் மொத்தமும் பின்வாங்கி நிற்கிறது. ஒரு வயதான அம்மாள் சிலுவை போட்டுக்கொள்கிறாள். ஓரமாக எட்டிப் பார்த்தால், பின்பக்கம் நின்றவர்களும் சுவரையே வெறித்துப் பார்க்கிறார்கள்.

பாபுவின் முகம் வெளுத்திருந்தது. "யக்கா, உனக்குக் கேக்கல?"

"என்னது?"

"தட்டிகினே கீறான் யக்கா, இப்பகூட! நான் சொன்னது அத்தினியும் டூப்பு, சத்தியமா!"

காதைச் சுவரில் ஒட்டவைத்தேன். கடல் இரைச்சல்தான். நம்புங்கள், நம்பாமல் போங்கள், எனக்கு அப்போது பயமே வரவில்லை, பொறாமைதான் வந்தது. ஊர் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்களுக்குக் கேட்கிறது, புளுகனுக்குக் கேட்கிறது, இத்தனை படித்த எனக்கு இல்லையா? மறுபடியும் தட்டினேன், வெறிபிடித்த மாதிரி தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் அப்புறம் அவர்கள் துள்ளினார்கள். கடைசியில் அந்த அம்மாள்தான் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

எல்லோரும் சேர்ந்து நடித்தார்கள் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். ஆனால் பாபு மறுநாளே வேலையை விட்டுவிட்டான். கையில் விழப்போகிற வேலையை நடிப்புக்காக எவன் விடுவான்?

வேலை எனக்கே கிடைத்தது. செட்டையும் கொஞ்ச நாளில் பிரித்துவிட்டார்கள். ஆனால் இன்றைக்கும், யார் வீட்டுக் கதவையாவது தட்டி உள்ளேயிருந்து பதில் வராவிட்டால், நான் உடனே கிளம்புவதில்லை; கூட வந்தவரின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.