ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு

கட்டுரை அச்சாகும்போது கடைசியில் எழுதின ஆளைப் பற்றி நாலு வரி போடுவது எங்கள் கணினி வலைப்பின்னல் ஆராய்ச்சித் தொழிலில் வழக்கம்: எங்கே படித்தார், எங்கே வேலை பார்த்தார், எதில் வல்லுநர், அவ்வளவுதான். நடுவில் பட்ட பாடு எதுவும் அதில் வராது. “அப்படி என்னதான் வேலை பாக்குற?” என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் மாட்டி முழித்த என் இனத்தாரே, உங்களுக்காவது சொல்கிறேன்.

முதல் வேலை

கம்பத்தில், கேரளா எஸ்டேட்டுக்கு ஜீப் கிளம்புகிற இடத்துக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர். நெட் போய்விட்டால் எல்லார் கண்ணும் என் மேல்தான். ஒருநாள் திராட்சை வியாபாரி ஒருத்தர் மகளின் ரிசல்ட் பார்க்க வந்தார். லைன் செத்துக் கிடந்தது. கோளாறு எங்கே இருக்கும், ஏன் வரும் என்று உற்சாகமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் சொல்ற. நெட்டே இல்லேன்னா நீ எதுக்கு இங்கன ஒக்காந்திருக்க?”

வீரபாண்டித் திருவிழா

பிறகு தேனியில் கல்லூரி வாத்தியார் வேலை, அப்புறம் பெங்களூரில் ஆராய்ச்சிக்கூடம். ஒரு வருஷம் திருவிழாவுக்கு வந்தேன். அந்தக் கூட்டத்தில் யார் போனிலும் நெட் நகரவில்லை, எல்லாரும் திட்டினார்கள். நான் மட்டும் ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்று, நெட் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று போனில் அளந்து பூரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷத்தைப் பகிர அத்தனை கூட்டத்தில் ஒரு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் அத்தையைப் பிடித்து நெட் நகராத காரணத்தைச் சொன்னேன். அத்தை கேட்டது: “ஏன்னு தெரிஞ்சும் சரி பண்ணாம இருக்கத்தான் ஒனக்குச் சம்பளம் தாராகளா?”

பெட்டி

அம்மா போன பிறகு அனுமந்தன்பட்டி வீட்டில் அப்பா தனியாள். வீடுகளில் நெட் எப்போது போகிறது என்று கவனிக்க நாங்கள் ஒரு சின்னப் பெட்டியை மாட்டுவோம். சொந்தபந்தத்தை விட்டால் வேறு யார் மாட்ட விடுவார்கள்? அப்பா வீட்டிலும் மாட்டினேன். நெட் இருந்தால் பெட்டியிலும் என் திரையிலும் பச்சை. நெட்டோ கரண்டோ போனால் என் திரையில் சிவப்பு. சிவப்பானால் உடனே அப்பாவைக் கூப்பிட்டு, “கரண்டு இருக்காப்பா? சாப்பிட்டீகளா?” என்பேன். பச்சையாக இருந்தால் எல்லாம் சுகம்தான் என்று விட்டுவிடுவேன். நான் வேலையாக இருப்பேன் என்று அவராகக் கூப்பிடவே மாட்டார். பெங்களூர் அறையில் எனக்கும் பேச்சுத்துணை கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன், சிவப்பைப் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

ஞாயிறு மதியமானால் தவறாமல் சிவப்பு. வாராந்திர மின்வெட்டு என்று கட்டுரையே எழுதிவிட்டேன், அச்சுக்கும் ஏற்றுக்கொண்டார்கள். எதற்கும் பெட்டியின் அடாப்டரை மாற்றிப் பார்ப்போம் என்று ஒரு ஞாயிறு சொல்லாமல் போய் இறங்கினேன். வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். “என்னப்பா இது?” என்றேன்.

“பச்சையா எரிஞ்சா நீ கூப்புட மாட்டேங்கிறியேத்தா.”

கட்டுரை போன மாதம் அச்சாகி வந்துவிட்டது; கடைசி நாலு வரியில் என்னை ‘கிராமத்து வீடுகளில் இணைப்பு ஏன் அறுகிறது என்பதில் வல்லுநர்’ என்று போட்டிருக்கிறார்கள்.