பின்பக்கமாக இறங்கின படிகள்

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டைப் பூட்டிவிட்டு மகன் என்னை ராஜபாளையத்துக்குக் கூட்டிவந்தான். அவன் வீடு இரண்டாவது மாடி. கீழே பஞ்சு குடோன். என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கித்தான் மேலே கொண்டுவந்தார்கள். அதுக்குப் பொறவு வீட்டுக்குள்ளே சுவரைப் பிடித்து நடந்ததோடு சரி, நான் தெருவை மிதிக்கவில்லை. மகன் மில்லுக்கும் மருமகள் பேண்டேஜ் கம்பெனிக்கும் போய்விட்டால், நானும் டிவியும்தான்.

ஒருநாள் டிவியில் ஸ்லாத் என்று ஒரு பிராணியைக் காட்டினார்கள். எங்கேயோ வெளிநாட்டில், மழை விடாத காடு. அது மரத்திலேயே தொங்கி, இலையைத் தின்று, அங்கேயே தூங்குகிறது. ஆடாமல் அசையாமல் கிடந்து முடியில் பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. வாரத்துக்கு ஒருதடவை வெளிக்குப் போக மட்டும் தரைக்கு இறங்குமாம்.

"அதுக்கு அட்டாச்டு பாத்ரூம் இல்ல அத்தை. நமக்கு இருக்கு," என்று மருமகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அது இறங்குகிற விதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்தைக் கட்டிக்கொண்டு, பின்பக்கம் முதலாக, ஒரு கால் நிலைத்த பிறகுதான் அடுத்த காலை எடுத்தது.

கல்லறைத் திருநாள் வந்தது. எங்க வீட்டுக்காரவிய கல்லறை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. வருஷாவருஷம் சுண்ணாம்பு அடித்து, அன்று சாயங்காலம் சர்ச் சாமியார் தீர்த்தம் தெளிக்க வரும்போது மெழுகுவர்த்தி ஏற்றி நிற்பேன். வெளிச்சம் இல்லாத கல்லறையைப் பார்த்தால், இவியளுக்கு ஆள் இல்ல போலன்னு பேசிக்கொண்டு போவார்கள். அந்தப் பேச்சு அவியளுக்கு வர நான் விட்டதில்லை.

"இன்னைக்குக் கல்லறைத் திருநாள்," என்றேன் காலையில்.

"ஆமாம்மா. இங்கேயே ஜெபம் பண்ணிக்கோ," என்று மகன் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னான்.

இரண்டாவது வார்த்தை பேச எனக்கு எப்பவும் வராது.

மத்தியானம் மெழுகுவர்த்தியை முந்தானையில் முடிந்துகொண்டேன். தெருவுக்குப் போய்விட்டால் ஆட்டோ கிடைக்கும். படிக்கு முகம் காட்டி, கம்பியைக் கட்டிப் பிடித்து, பின்பக்கமாக ஒவ்வொரு காலாக வைத்தேன். வழியில் செத்த நேரம் உட்கார்ந்து, பொறவு இறங்கினேன். கடைசிப் படிக்கு வந்து திரும்பினால், கம்பிக் கேட் வெளியே பூட்டியிருந்தது. தினமும் மருமகள் பூட்டிவிட்டுத்தான் போவாள் போல. அந்தச் சத்தம் மாடிக்குக் கேட்டதில்லை.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். கூப்பிட்டால் வந்திருப்பார்கள். வாய் வரவில்லை. ஏறவும் தெம்பில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெயில் சாய்ந்த பிறகு மருமகள் வந்தாள். சேலையெல்லாம் பஞ்சுத் தூசி. கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"யாரு அத்தை இறக்கிவிட்டது?"

"நானாத்தான். அந்த ஸ்லாத் மாதிரி."

"ஏறுறதுக்கு டிவியில என்ன காட்டுனான்?"

"நான் ஏறல," என்றேன். "கல்லறைக்குப் போகணும்."

அவள் என் மகனுக்குப் போன் போட்டாள். "இப்பப் போயி எங்க? அடுத்த வருஷம் பாத்துக்கலாம், மேல கூட்டிப்போ," என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது. அவள் போனைப் பையில் போட்டாள்.

"மெழுகுவர்த்தி எங்க அத்தை?"

முந்தானையை அவிழ்த்துக் காட்டினேன். உடம்புச் சூட்டில் வளைந்திருந்தது. அவள் அதை வாங்கி மெதுவாக நிமிர்த்திப் பார்த்து, என் கையிலேயே கொடுத்தாள்.

"சாமியார் போயிருப்பாரு," என்றாள்.

"பரவால்ல."

ஆட்டோ கூப்பிடத் தெருமுனைக்குப் போனாள். போகும்போது கேட்டைச் சாத்தவில்லை.