சலூன்காரர் பார்க்காத தலை

கண்ணாடியின் மேல் துண்டைத் தொங்கவிட்ட பிறகுதான் சலூன்காரர் சவரக்கத்தியை எடுத்தார். நாற்காலியில் இருந்தவர் ஒரு வாத்தியார். நோய்க்கு மருந்து ஏற்றி முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்துபோக, மிச்சத்தையும் வழித்துவிடச் சொல்லி வந்திருந்தார். "எதுக்குப்பா மூடுற?" என்று கேட்டார். "ரசம் போயிடுச்சு சார். அதுல பாத்தா நல்லா இருக்கிறவன் மூஞ்சிகூடக் கோணலாத்தான் தெரியும்." வாத்தியார் சிரித்துவிட்டார். அவர் போனதும் துண்டை உதறிவிட்டு, பளிச்சென்றிருந்த கண்ணாடியைத் துடைத்து வைத்தார்.

அவருக்கு ஆளைத் தலையை வைத்துத்தான் தெரியும். யாரைச் சொன்னாலும் "எது, அந்த ரெட்டைச் சுழிக்காரரா?" என்பார். தெருவில் ஒருவர் வணக்கம் சொன்னால், பதில் வணக்கத்துக்கு முன்பே கண் உச்சந்தலைக்குப் போய்விடும். வெட்டத் தொடங்கும் முன் கத்தரியைக் காற்றில் சக் சக்கென்று தட்டி, கடவுளை ஒரு தரம் நினைத்துக்கொள்வார். "அவர் படைச்ச தலையில நாம கை வைக்கிறோம். ஒரு வார்த்தை கேட்டுக்கணும்ல?"

அந்தக் கண்ணுக்குத்தான் முதலில் தெரிந்தது. பதின்மூன்று வயது மகளின் பின்னந்தலையில், பின்னலுக்கு உள்ளே, காசளவு வெறுமை. புழுவெட்டு என்று நினைத்து மருந்து தடவப் போனார். விரல் பட்டதுமே புரிந்துவிட்டது. புழுவெட்டு என்றால் தோல் வழவழவென்று இருக்கும். இங்கே அறுந்த முடி ஒன்று நீளமும் ஒன்று குட்டையுமாகக் குத்தியது. பிள்ளை தானே பிடுங்கியிருக்கிறாள். தலையணைக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த முடியை மனைவி எடுத்து நீட்டினாள். நாள் முழுக்க ஊரார் முடியைக் கூட்டி அள்ளுகிறவர், அந்தச் சின்ன உருண்டையைக் கையில் வாங்க மாட்டாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு தொழில்காரனுக்குத் தோன்றுகிற யோசனையைச் சொன்னார். "மொத்தமா வழிச்சுட்டா புடுங்குறதுக்கு என்ன இருக்கும்?" அதைக் கேட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவள்தான் மகள். அன்றுமுதல் தலையில் துணி கட்டாமல் அப்பா கண்ணில் படுவதே இல்லை.

பள்ளிக்கூடத்தில் சொல்லி, பிள்ளைகளுக்கென்றே இருக்கும் மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனார். பரீட்சைக்கு அனுப்புவதுபோல வழியெல்லாம் பாடம். "கேக்குறதுக்கெல்லாம் டக்குனு பதில் சொல்லிடணும், தெரியுதா?" கடைசியில் அத்தனை கேள்விக்கும் பதில் சொன்னவர் அவரேதான். என்ன சாப்பிடுவாள், எப்போது தூங்குவாள், யாரோடு சேருவாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட ஆலோசகர் அம்மா, "அப்பா சொல்றது சரியாம்மா?" என்று மகளைப் பார்த்தார்.

"பாதி" என்றாள். அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு வெளியே பெஞ்சு. கதவு திறந்து மூடும்போது மேசைமேல் களிமண்ணும் வண்ணப் பென்சிலும் தெரியும். "என்ன பேசுனீங்க?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பாள். வீட்டிலோ மனைவியின் குத்தல். "ஊர்ல உள்ளவன் கதையெல்லாம் உங்க நாற்காலியில வந்து கொட்டுறான். பெத்த பொண்ணு வாயத் திறக்க மாட்டேங்குது." வாரம் போகப் போக, தலையணைக்கடியில் முடி கூடிற்றே தவிரக் குறையவில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் உள்ளே போய்க் கேட்டுவிட்டார். "என் புள்ள உள்ள என்னதாம்மா சொல்லுது?"

"உங்க கடையில ஒருத்தர் மனசு விட்டுப் பேசுனா, அதை வெளியில சொல்வீங்களாங்கய்யா?"

"சொன்னா நாளைக்கு எவன் வருவான்?"

"அதேதான். அவ உயிருக்கு ஆபத்துன்னா அந்த நிமிஷமே உங்ககிட்ட சொல்வேன். மத்ததெல்லாம் அவளோடது. பேச ஆரம்பிச்ச புதுசுல புடுங்குறது கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஏறும், இறங்கும். இன்னொண்ணு, முடி வளந்திருக்கான்னு தலையைப் பாக்காதீங்க. முகத்தைப் பாருங்க."

"பாக்காதன்னா எப்படிம்மா? என் கண்ணு அங்கதானே போகும்!"

ஆனாலும் பழகிக்கொண்டார். எப்போதும் மகளுக்குப் பின்னால் நடக்கிறவர், முன்னால் நடக்கத் தொடங்கினார். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்தார். அவளுக்கு இடது கன்னத்தில் மட்டும் குழி விழும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கேள்வி கேட்பதை விட்டார். கடையில் நடந்ததைத் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். ஒருநாள் அவள், "அந்த ரெட்டைச் சுழிக்காரர் அப்புறம் என்ன ஆனார்?" என்று கேட்டாள். சாமிப் படத்தின் முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துதான் அவரால் மீதிக் கதையைச் சொல்ல முடிந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவள் உள்ளே என்ன சொன்னாள் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

கடைசி நாள் ஆலோசகர் அம்மா வாசல்வரை வந்தார். "இனிமே அவளுக்குத் தோணுறப்ப வந்தா போதுங்கய்யா."

மகள் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள். புழுக்கம் தாங்காமல் தலைத்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பின்னந்தலை அவர் கண்ணுக்கு நேர் கீழே இருந்தது. சலூன்காரர் சட்டென்று முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார்.

"அப்பா, இங்கேயே குடியிருக்கப் போறீங்களா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"இப்ப பாக்கலாமே" என்றார் ஆலோசகர் அம்மா மெதுவாக.

சலூன்காரர் சுவரை விட்டுக் கண்ணெடுக்காமல், கைப்பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்மா. அவளா காட்டுறப்ப பாத்துக்கறேன்."