சாரம் அவிழ்ந்த செய்தி

மூன்று வருடங்களுக்கு முன்பு, இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. கொழுந்து பறிக்கப் போகாத நாள் என்பதால் பீலியில் விழும் மலைத் தண்ணீரில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். மாலைதீவில் கட்டட வேலைக்குப் போயிருந்த என் வீட்டுக்காரரின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவர் இல்லை, அவரோடு வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தம்பி.

"அக்கா, பதறாதீங்க. சாரம் அவுந்து அண்ணன் விழுந்துட்டாரு..." என்பதற்குள் லைன் வெட்டிவிட்டது. எங்கள் மலையில் சிக்னல் அப்படித்தான்.

எங்கள் பக்கம் சாரம் என்றால் ஆண்கள் இடுப்பில் உடுத்துவது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கத்தில் துணி அலசிய பெண்களிடமும் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். உடனே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "ஒரு சாரத்த ஒழுங்கா இறுக்கிக் கட்டத் தெரியாதா? இதுக்கா கடல் தாண்டிப் போனீங்க?"

கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைப்பு. அந்தத் தம்பி விம்மிக்கொண்டிருந்தான்.

"நீங்க அனுப்புனதக் கேட்டேன்க்கா. நான்தான் கட்டுனேன். கயிறு பழசு, ஒரு மூங்கில்ல வெடிப்பு வேற. புதுசு கேட்டேன், இருக்கறத வச்சுக் கட்டுன்னுட்டாங்க. அண்ணன் மூணாவது மாடி உயரத்துல நின்னாரு."

மூங்கில் என்றதும்தான் எனக்கு உறைத்தது. சுவரோரம் ஏறி நின்று வேலை செய்யக் கட்டுவதை எங்கள் மேசன்மார் பலஞ்சி என்பார்கள். அவர்கள் ஊரில் அதுதான் சாரம். கையிலிருந்த சட்டை தண்ணீரோடு போனதுகூடத் தெரியவில்லை. அவர் இருக்கிறாரா என்று கேட்கப் பயந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

அவனே சொன்னான். "உசுருக்கு ஒண்ணும் இல்லக்கா. இடுப்பெலும்பு ஒடஞ்சிருச்சு, ஆபரேஷன் பண்றாங்க."

"தம்பி, நான் ஒன்னய சொல்லல. உடுத்துற சாரம்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

"அத நாங்க கைலின்னு சொல்லுவோம்க்கா" என்றவன், மறுபடியும் அழ ஆரம்பித்தான். இந்தப் பக்கம் நானும் அழுதேன்.

மூன்று மாதம் கழித்து என் வீட்டுக்காரர் கைத்தடியோடு வந்து இறங்கினார். இப்போது டவுனில் ஒரு மரக்கறிக் கடையில் உட்கார்ந்து செய்யும் வேலை. மலைப் பாதையில் ஏறிவர முன்னைவிட இரண்டு மடங்கு நேரமாகிறது.

சிரித்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "ஏறுன மொத நாளே அந்தப் பலஞ்சி ஆடுச்சு. நீ கேக்கல, நீ பயந்துருவேன்னு நானும் சொல்லல" என்றார்.

இரண்டு வருடம் தினமும் போனில் பேசியிருக்கிறோம். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, காய்ச்சல் விட்டதா என்று ஒன்று விடாமல் விசாரித்த நான், எதன் மேல் நின்று வேலை செய்றீங்க என்று ஒரு நாளும் கேட்காமல் இருந்துவிட்டேனே என்பதுதான் இன்றைக்கும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியாதது.