அம்மாவின் பெயரைக் கேட்க ஜெஞ்சாரோமிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு நானும் இனியாவும் எங்கள் ஊரான ஜெஞ்சாரோமிலிருந்து புறப்பட்டோம். வெளிச்சம் வரவில்லை. செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து புகை மாதிரி பனி ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

இனியாவுக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளை. கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து அவளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா நான். அவர்கள் வீட்டில் சாமி படம் கிடையாது, விளக்கு கிடையாது. அவள் அப்பா குமார் இந்துவாகப் பிறந்தவர், அம்மா கலா கிறிஸ்துவச்சி. இரண்டு பேரும் சேர்ந்து, எதுவும் வேண்டாம், பிள்ளை பெரியவளாகித் தானே முடிவு பண்ணட்டும் என்று விட்டுவிட்டார்கள். தீபாவளிக்கு என் வீட்டில் முறுக்கு சாப்பிடுவாள், அதோடு சரி.

போன வருடம் மழைக்காலத்தில் கலா நோயில் போய்விட்டாள். சடங்கு ஒன்றும் செய்யாமல் எரித்தார்கள். அதற்குப் பிறகு குமார் அவள் படங்களையெல்லாம் எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார். அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை. அவர் முகம் மாறுவதைப் பார்க்கப் பயம்.

கலாவின் அக்கா ரோசி கேஎல் பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார். அவர்தான் போன் பண்ணினார். வருட நினைவுக்கு அவர்கள் தேவாலயத்தில் பூசை வைத்திருக்கிறாராம், மைக்கில் தங்கச்சி பெயரைச் சொல்வார்களாம், பிள்ளையை அனுப்ப முடியுமா என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. இனியா கேட்டுவிட்டாள். "அம்மா பேரச் சொல்லுவாங்களா? எல்லாருக்கும் கேக்குற மாதிரியா?" என்று மூன்று நாள் அதே கேள்வி. கடைசியில் குமார், "போகணும்னா போகட்டும் ஆயா. நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் வரல" என்றார்.

ரயில் ஏறக் கிள்ளானுக்குக் கிராப் வாடகைக் கார் பிடித்தோம். இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஓட்டியவர் நம் ஆள், பேச்சுக்காரர்.

"என்னா அக்கா, காலையிலேயே? கோயிலுக்கா?"

நான் பதில் தேடுவதற்குள் இனியா முந்திக்கொண்டாள். "சர்ச்சுக்கு. மைக்ல எங்க அம்மா பேர சொல்லப் போறாங்க."

"அடேயப்பா! அம்மா என்னா, லக்கி டிரால ஜெயிச்சிட்டாங்களா? அங்கிளுக்கும் பங்கு குடுக்கணும் லா."

"இல்ல அங்கிள். செத்துட்டாங்க."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் கைப்பையைப் பார்த்தேன். அவர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை அணைத்துவிட்டார். பந்திங் ரோட்டு லோரிகளின் சத்தம்தான் கிள்ளான் வரை. இறங்கும்போது, "மன்னிச்சுக்குங்க அக்கா" என்றார். எதற்கு என்று சொல்லி அவரைத் தேற்றியிருக்கலாம். கதவைச் சாத்திவிட்டு இனியாவைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

ஸ்டேஷனில் எனக்கு வயதானவள் என்றும் அவளுக்குச் சிறுபிள்ளை என்றும் அரைக் கட்டணம். கம்யூட்டர் ரயில் ஆடி ஆடிப் போனது. ஷா ஆலாம், சுபாங் ஜெயா, பெட்டாலிங் ஜெயா எல்லாம் மழைக்குள் வந்து மழைக்குள் போயின. கேஎல் சென்ட்ரல் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழி முழுக்க இனியா கேள்வி கேட்டபடி வந்தாள். பெயரைச் சொன்னதும் கை தட்டுவார்களா? எழுந்து நிற்க வேண்டுமா? "எனக்குத் தெரியலம்மா. நானும் சர்ச்சுக்குள்ள போனதில்ல" என்றேன். பயணத்திலேயே நான் தைரியமாகச் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

ஸ்டேஷனிலிருந்து தேவாலயத்துக்குக் குடை பிடித்து நடந்தோம். பூக்கடைக்காரர்கள் மாலைகளுக்குப் பிளாஸ்டிக் தாள் போர்த்திக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கடைகளில் தோசை வாசம். மேலே மோனோ ரயில் ஒன்று நின்றிருந்தது. ரோசி வாசலிலேயே இருந்தார். இனியாவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. "அப்படியே அவ மூக்கு, அப்படியே அவ மூக்கு" என்றார். அவர் பாட்டுக் குழுவில் பாடுகிறவர், எங்களோடு உட்கார முடியாது. நடுவில் ஒரு வரிசையைக் காட்டினார். "ஃபாதர் குடுக்குற அப்பத்த நாங்க நன்மைன்னு சொல்லுவோம். அத வாங்க எல்லாரும் வரிசையா முன்னாடி போவாங்கடா. நீயும் போ. ஆனா கை நீட்டாத. ரெண்டு கையையும் நெஞ்சு மேல குறுக்கா வச்சிக்கிட்டு நில்லு. ஃபாதர் தலையில கை வச்சு ஆசீர் குடுப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் ஒரு சின்னக் கல்தொட்டியில் தண்ணீர் இருந்தது. எல்லோரும் விரல் நுனியால் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். இனியா மணிக்கட்டு வரை விட்டுச் சாப்பிட்ட கையைக் கழுவுவதுபோலக் கழுவினாள். பின்னால் வந்த பெரியவர் சிரித்தார். "பரவால்ல, விடுங்க ஆன்டி. சுத்தமா இருக்கட்டும்."

உள்ளே போனதும் அவள் நின்றுவிட்டாள். எதிரே சுவரில் ஆள் உயரத்துக்குச் சிலுவை, அதில் இயேசு. நெற்றியிலும் விலாவிலும் சிவப்புச் சாயம்.

"ஆயா, அவர யாரும் எறக்கி விடலயா?"

"மெதுவாப் பேசு."

"இங்க இத்தன பேர் இருக்காங்களே."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உட்கார வைத்தேன். காலுக்கு முன்னால் மெத்தை வைத்த பலகை ஒன்று இருந்தது. பாதத்துக்கு என்று நினைத்து ஈரச் செருப்போடு இரண்டு பேரும் காலை அதன்மேல் வைத்தோம். பக்கத்திலிருந்த அம்மாள் குனிந்து, "அது முட்டி போட, ஆன்டி" என்றார். கைக்குட்டையால் துடைத்தேன். கறை போகவில்லை.

பூசை தொடங்கும் முன்பே ஒரு பெண் மைக்கில் பெயர்களைப் படித்தாள். இன்னார் இன்னாரின் ஆன்மா இளைப்பாறுவதற்காக இந்தப் பூசை என்றாள். இனியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் என் விரலை இறுக்கினாள். அந்தோணிசாமி. பிலோமினா. சவரிமுத்து. மரியதாஸ். பட்டியல் முடிந்து பாட்டு ஆரம்பித்தது. பாட்டுக் குழுவில் ரோசி பாடாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வரலையே ஆயா."

"பொறு. அப்பறமா சொல்லுவாங்க."

தெரியாமல்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தையையும் விடாமல் கேட்டாள். எல்லோரும் எழுந்தபோது நாங்கள் பிந்தி எழுந்தோம், உட்கார்ந்தபோது பிந்தி உட்கார்ந்தோம். வாசகம், பிரசங்கம், மணிச் சத்தம். குருவானவர் இறந்தவர்களை நினைத்து ஜெபித்தபோது அவள் என் சேலையைப் பிடித்தாள். அங்கே யார் பெயரும் சொல்லப்படவில்லை. பிறகு திடீரென்று எல்லோரும் திரும்பிக் கை குவித்து, "சமாதானம், சமாதானம்" என்றார்கள். எனக்குக் கூச்சத்தில் தலையே நிமிரவில்லை. இனியா மட்டும் ஒவ்வொருவருக்கும் பதிலுக்குக் கும்பிட்டு, "எங்க அம்மா கலா பேர எப்ப சொல்லுவாங்க?" என்று கேட்டாள். அவர்கள் புன்னகை செய்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள்.

நன்மை வாங்கும் வரிசையில் அவள் தனியாகப் போனாள். கை இரண்டும் நெஞ்சில் குறுக்காக இருந்தன. குருவானவர் தலையில் கை வைத்தார். அவள் நகரவில்லை. அண்ணாந்து ஏதோ சொன்னாள். அவர் குனிந்து கேட்டார், மறுபடி தலையைத் தொட்டார், பின்னாலிருந்த வரிசையைப் பார்த்தார். ஒரு ஆள் வந்து தோளைத் தொட்டு அவளை நகர்த்தினார்.

"என்னடி கேட்ட?"

"எங்க அம்மா பேர மறந்துட்டீங்களான்னு கேட்டேன். God bless you-ன்னு சொன்னாரு."

பூசை முடிந்தது. கூட்டம் கலைந்தது. இனியா எழுந்திருக்கவில்லை. அடுத்த பூசைக்கு ஆட்கள் உள்ளே வரத் தொடங்கியிருந்தார்கள். "இன்னும் சொல்லல. பூசை முடியல" என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். ரோசி ஓடி வந்தார்.

"சொன்னாங்களேடா கண்ணு. மொதல்லயே சொன்னாங்க. ரெண்டாவது பேரு. பிலோமினா."

"அது யாரு?"

ரோசி என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. "அவ ஞானஸ்நானப் பேருடா. கோயில்ல அந்தப் பேரச் சொல்லித்தான் பூசை வைப்பாங்க. எங்க வீட்ல நாங்க பிலோமினான்னுதான் கூப்புடுவோம். கலாங்கறது ஸ்கூல் பேரு."

"எங்க அம்மா கலா."

"ரெண்டும் ஒரே ஆளுதான்டா."

"இல்ல. நீங்க வேற யாருக்கோ பண்ணிட்டீங்க."

ரோசி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கன்னத்தில் அறை வாங்கியவர் மாதிரி இருந்தது முகம். "நானாவது பண்ணுனேன்" என்றார், பிள்ளையிடம் இல்லை, முன்னால் இருந்த சிலுவையிடம். குருவானவரைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் வேறொரு ஊரில் பூசை என்று காரில் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். வாசலில் ரோசி ஒரு பொட்டலம் இடியாப்பம் கொடுத்தார். "அடுத்த மாசமும் கூட்டிட்டு வருவீங்களா ஆன்டி?" என்றார். பார்க்கலாம் என்றேன். இனியா கும்பிடவும் இல்லை, கையசைக்கவும் இல்லை.

திரும்பும் ரயிலில் பெட்டி நிறைய ஆட்கள். எதிரே வேலைக்காரப் பையன்கள் தலை சாய்த்துத் தூங்கினார்கள். சுபாங் ஜெயா தாண்டியதும் அவள் கேட்டாள்.

"ஆயா, நீங்க சொல்லுங்க."

"எதடா?"

"அம்மா பேர. மைக்ல சொல்ற மாதிரி."

நான் சுற்றிலும் பார்த்தேன். அறுபத்தொன்பது வயதில் நான் நாலு பேர் நடுவில் குரல் உயர்த்தியதில்லை. குனிந்து அவள் காதில், "கலா" என்றேன். அந்த நேரம் பார்த்து அடுத்த ஸ்டேஷன் அறிவிப்பு வந்தது.

"கேக்கல" என்றாள்.

மறுபடி சொல்ல வாய் திறந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

கிள்ளானில் குமார் காரோடு காத்திருந்தார். மழையில் நனைந்திருந்தார், வெகுநேரம் வெளியே நின்றிருப்பார் போல. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். பின் இருக்கையில் ஏறிக் கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் அதைக் கண்ணாடியில் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார்.

பிரிக்பீல்ட்ஸில் இருநூறு முந்நூறு பேர் எழுந்து நின்று, முகம் தெரியாத ஒருத்திக்காக, எங்களுக்குத் தெரியாத ஒரு பெயரில் ஜெபம் செய்தார்கள். எங்களுக்குத் தெரிந்த பெயர் காருக்குள் எங்களோடு வந்தது. முன்னே அவர், பக்கத்தில் நான், பின்னே பிள்ளை. தெலுக் பங்ளிமா காராங் தாண்டினோம், செம்பனை மரங்கள் வந்தன, வீட்டு வாசலும் வந்தது. மூன்று பேரில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.