அருளப்பன் சொல்லாத மெர்சி

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்தொரு வயதில் மாலை வகுப்பில் கற்ற எழுத்து. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும், எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

போன வாரம் விழுப்புரத்தில் மகள் வீட்டில் இருந்தேன். அவளுடைய புதுச் செல்போனில் எங்கள் வீட்டுக்கார அம்மா நூர்ஜஹான் பேசினார். "அண்ணே, அருளப்பன் அண்ணன் காலையில போயிட்டாருண்ணே." எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் கணக்கை முடிக்காமல் எப்படிப் போகலாம்?

இறந்தவரை 'அவர்' என்று எழுத வேண்டும் என்கிறார் டீச்சர். எனக்கு 'அவன்' என்றுதான் வருகிறது. எங்கள் உப்பளம் பேட்டையில் அவனை அறிந்த நீங்கள் என்னைக் குறை சொல்ல மாட்டீர்கள்.

நான் கல்யாணச் சமையல்காரன். அவன் பழைய துறைமுகக் கிடங்கில் எடை பார்த்த குமாஸ்தா. இருவருக்கும் மனைவி இல்லை. நூர்ஜஹான் வீட்டில் வாடகைக்கு எதிரெதிர் அறை, நடுவில் பொதுச் சமையலறை. நான் குடிவந்த அன்று சாம்பார் வைத்தேன். அவன் எட்டிப் பார்த்தான்.

"எத்தினி பேர் வர்றாங்க?"

"யாரும் வரல."

"அப்ப யாருக்குய்யா இந்தக் குளம்?"

"ஐந்நூறு பேருக்குப் பொங்கினவன்யா நான்!"

"அதான் தெரியுதே. ஒருத்தனுக்கு ஆக்க வரல."

அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் அவன் சொன்னது உண்மை. அதனால்தான் அப்படி எரிந்தது. அண்டாவில் உப்பைக் கை நிறைய அள்ளிப் போட்டாலும் எனக்குத் தப்பாது. சின்னப் பாத்திரத்தில் விரல் நுனி கொஞ்சம் அசைந்தாலே குழம்பு கெட்டுவிடுகிறது. ஆவி மூக்குக்கு வருவதற்குள் அடி பிடித்துவிடுகிறது. நாள் தவறாமல் மிஞ்சும். மிஞ்சியதைக் கிண்ணத்தில் ஊற்றி அவன் வாசலில் வைப்பேன். அவன் தின்றுவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்து, சமையலறைக் கதவில் சாக்பீஸால் ஏதோ எழுதிவிட்டுப் போவான்.

பால்காரனுக்கு மெர்சி சொல்வான். தபால்காரனுக்கு மெர்சி. வழிவிட்ட மாட்டுக்குக்கூட ஒருநாள் மெர்சி சொன்னதை என் காதால் கேட்டேன். அந்தப் பிரெஞ்சு நன்றி எனக்கு மட்டும் கிடையாது. ஒரே ஒரு மெர்சி, அதுவும் என் சமையலுக்கு. அதை அவனிடம் வாங்காமல் விடுவதில்லை என்றிருந்தேன்.

கதவில் இருப்பதை நூர்ஜஹான் படித்துச் சொல்வார். "நல்லாத்தான் இருக்காம்ண்ணே. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலாம்." இரண்டு வருடம் இதை நம்பினேன். சீக்கிரம் மெர்சியும் வந்துவிடும் என்று நினைத்தேன். அது வரும் நாளில் நானே படிக்க வேண்டும் என்றுதான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு காலை, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்: 'இதை நாய் மோந்துகூடப் பார்க்காது.'

படித்துவிட்டேன்! கை தட்டினேன். அப்புறம்தான் படித்தது என்னவென்று மண்டையில் ஏறியது. நூர்ஜஹான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "வீட்ல கொலை விழக் கூடாதேன்னு நானா மாத்திப் படிச்சேண்ணே."

அதன் கீழே என் முதல் வாக்கியத்தை எழுதினேன்: 'கிண்ணம் காலி. நீ நாயா?'

மறுநாள் பதில் இருந்தது: 'கையெழுத்தும் உன் ரசம் மாதிரியே ஓடுது.'

சென்ற மாதம் ஒருநாள் ஓர் ஆள் அளவு சரியாக வந்தது. ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. கிண்ணத்தை அவன் வாசலில் கவிழ்த்து வைத்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவன் என்னிடம் வாய் திறந்தான்.

"யோவ், எங்கய்யா கொழம்பு?"

"நாய் மோந்து பாக்காத கொழம்பு உனக்கு எதுக்கு?"

"பழகிப்போச்சு."

"மெர்சி சொல்லு, வைக்கிறேன்."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

மூன்று நாள் அவன் ரொட்டியைக் காப்பியில் நனைத்துத் தின்றான். நான்காம் நாள் குழம்பில் ஒரு சொம்புத் தண்ணீர் கூடுதலாக ஊற்றினேன். கை தவறிவிட்டது என்று நூர்ஜஹானிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

விழுப்புரம் கிளம்பிய அன்றும் கை தவறியது. வத்தக்குழம்பை அவன் வாசலில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். சாவுக்குத் திரும்பி வந்தபோது கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. கதவில் புதிதாக ஒரு வரி. நூர்ஜஹான் படிக்க வாயெடுத்தார். நான் தடுத்து நானே படித்தேன்.

'காரம் கூட. புளி கம்மி. வந்ததும் மறுபடி வை.'

மெர்சி இல்லை. மேலே, கீழே, கதவின் பின்பக்கம்கூடத் தேடினேன். சொன்னபடியே செய்துவிட்டான், படுபாவி.

அவனுடைய சாமான்களை உறவுக்காரர்கள் எடுத்துப் போனார்கள். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தக் கதவு வரி ஒன்றுதான். அதன் மேல் பெயிண்ட் அடிக்க விட மாட்டேன் என்று நூர்ஜஹானிடம் சொல்லிவிட்டேன். கீழே பதிலும் எழுதியாயிற்று: 'காரம் சரி. உன் நாக்குதான் சரியில்லை.'

ஆனாலும் புளி ஒருவேளை கம்மியாக இருந்திருக்கலாம். வரும் வெள்ளிக்கிழமை கூட்டி வைத்துப் பார்க்கப் போகிறேன், இரண்டு ஆள் அளவுக்கு. எப்படி வந்தது என்று அதே கதவில் எழுதுவேன். கடைசி வார்த்தை தன்னுடையது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.